கடித்துக் கேட்ட வண்டிகள்

என் அப்பா குதிரைப் பட்டாளத்துக்குச் சேணம் தைத்தவர். அவரிடம் நான் தோல் வேலை கற்றேன். குதிரை குறைந்து மோட்டார் பெருகியதும் மோட்டார் சீட் தைத்தேன். தோல் அதேதான். ஊசியும் அதேதான். காலைப் பரப்பி உட்கார்ந்தவர்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வீட்டுக்காரர் ஃபிட்டர். அடுகோடியில் ஓசூர் ரோட்டை ஒட்டி எங்கள் தகரக் கொட்டகை. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. இன்ஜின் அவருடையது. சீட்டும் ஹூட்டும் என்னுடையவை. ஹூட் என்றால் திறந்த வண்டிக்கு மழை வந்தால் மேலே இழுத்து மாட்டுகிற கான்வாஸ். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பேச வேண்டுமென்றால் ஒருவரோடு ஒருவர்தான் பேச வேண்டும். அதுவும் நாங்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.

இது இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின காலம். கன்டோன்மென்ட் பக்கம் ஸ்போர்ட்ஸ் வண்டி வைத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாம் இரண்டு பேர் மட்டும் உட்காருகிற திறந்த வண்டி. நீளமான பானெட். பின்னால் ஒரு பெட்டி வைக்கக்கூட இடம் இருக்காது. ஒரு பல் டாக்டர், சிக்மகளூரிலிருந்து வருகிற ஒரு காப்பித் தோட்டக்காரர், மில் முதலாளி வீட்டு மருமகன் ஒருவர், மற்றவர்கள் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள். ஜாதி வேறு, பாஷை வேறு. பானெட்டைத் திறந்தால் எல்லோரும் ஒன்றாகக் குனிவார்கள்.

புது வண்டி வேண்டுமென்றால் கப்பலில் வர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கூட்டத்தில் இன்னொருவர் வண்டி மேல் ஆசை வந்துவிடும். அதனால் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்வார்கள். அதல் பதல் என்று சொல்வோம். வண்டிக்கு வண்டி. பணம் பேசக் கூடாது. ஒரு சிவப்பு வண்டி நாலு கை மாறி முதல் சொந்தக்காரரிடமே திரும்பி வந்தது. "என் பழைய சீட்டு எங்கம்மா?" என்று அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். அந்தச் சீட்டை நாலு முதுகுக்கு நாலு தடவை பிரித்துத் தைத்திருந்தேன். குள்ளமானவருக்கு முதுகுப்பக்கம் குதிரை முடியைக் கூட்டித் திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் பெடலுக்கு எட்டாது. பருத்தவருக்கு எடுக்க வேண்டும். எனக்கு முகம் மறந்தாலும் முதுகு மறக்காது.

மாற்றுகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. அல்சூர் மாதா கோயிலில் பூசை கண்டு ஜட்கா வண்டியில் நாங்கள் திரும்பின பிறகு. இரண்டு வண்டியும் கொட்டகை முன்னால் எதிரெதிரே நிற்கும். ஸ்டார்ட் செய்கிற இரும்பு ஹேண்டிலை இரண்டு சொந்தக்காரர்களும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு இன்ஜினுக்கும் காது வைப்பார். முழங்கை நீளத்தில் ஈட்டிமரக் குச்சி ஒன்று வைத்திருந்தார். ஒரு முனை ஓடுகிற இன்ஜின் மேல். மறு முனை காதில். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போல இடம் இடமாக வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "மாத்திக்கலாம்" என்பார். உடனே இவர் ஹேண்டில் அவர் கைக்குப் போகும். அவர் ஹேண்டில் இவர் கைக்கு வரும். ஹேண்டில் மாறினால் வண்டி மாறியது. அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது.

அவர்கள் யாரும் வேண்டுமென்று ஏமாற்றுகிற ஆட்கள் இல்லை. ஆனால் சொந்த வண்டியின் குறை சொந்தக்காரர் காதில் விழாது. பெற்ற பிள்ளையின் மழலை தாய்க்குத் திருத்தமாகத்தான் கேட்கும். அதற்குத்தான் என் வீட்டுக்காரர். அவர் சொல்லாமல் ஒரு ஹேண்டிலும் மாறியது கிடையாது. அதை நம்பித்தான் மற்ற நாளிலும் எங்களிடம் வேலைக்கு வண்டி விட்டார்கள்.

அந்தக் காதுதான் போனது.

சின்ன வயதிலிருந்தே அவருக்குக் காதில் சீழ் வரும். வலது காது எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மந்தம். எனக்கு அது தெரியும். இடது பக்கமாக நின்று பேசிப் பழகிவிட்டேன். ஒரு மழைக்காலத்தில் இடது காதிலும் சீழ் கட்டியது. ஆஸ்பத்திரியில் காதுக்குள் இருக்கிற ஜவ்வு போய்விட்டது என்றார்கள். காய்ச்சல் விட்டது. காது வரவில்லை. பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும். அவ்வளவுதான்.

ஒரு வாரம் அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். கழுவினதையே திரும்பக் கழுவினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்காது.

வேலை காத்துக்கொண்டிருந்தது. மில் மருமகன் வண்டி. ஒரு மத்தியானம் அதை ஸ்டார்ட் செய்து வைத்துக் குனிந்து நின்றார். ஒரு கையில் ஸ்பேனர். இன்னொரு கை கார்புரேட்டர் மேல். குச்சியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. பல்லில் கடித்துக்கொண்டார். குனிந்தபோது குச்சியின் முனை தற்செயலாக இன்ஜினில் இடித்தது.

நான் பக்கத்து வண்டியில் ஹூட்டுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்தேன். ஓடினேன். கையைக் காட்டி நிறுத்தினார். குச்சியை எடுத்தார். மறுபடி கடித்தார். எடுத்தார்.

"கேக்குது," என்றார்.

அன்று சாயங்காலம் வரை இருக்கிற எல்லா வண்டியையும் கடித்தார். காதில் கேட்டதைவிடத் தெளிவாக இருக்கிறது என்றார். ரோட்டுச் சத்தம் இல்லை, காக்காய் இல்லை, இன்ஜின் மட்டும் தலைக்குள் ஓடுகிறது என்றார். பிறகு என் தையல் மெஷினிடம் வந்தார். என்னை மிதிக்கச் சொல்லிவிட்டு அதைக் கடித்தார்.

"ஷட்டில் லூசா இருக்குது. ஏன் சொல்லல?"

"எனக்கே தெரியல," என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.

அவர் குச்சியைக் கடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மறு முனையை என் தாடையெலும்பில் கொண்டுவந்து வைத்தார். வாயில் குச்சி இருந்ததால் பேச்சு குழறியது. "எதுனா சொல்லு," என்றார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் எதுனா சொல்லு என்று அவர் கேட்டதில்லை.

"சோறு ஆறிப்போவுது," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்து குச்சி விழுந்தது. நானும் சிரித்தேன். பிறகு போய்ச் சோறு போட்டேன். சாப்பிடும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கேட்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வெளியே சொல்ல முடியாது. காது வைக்கிறவருக்குக் காது இல்லை என்று தெரிந்தால் யார் வண்டி கொண்டு வருவார்கள்? குச்சியைக் கடிக்கிறதைப் பார்த்தால் புத்தி போய்விட்டது என்பார்கள். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். மாற்றுகிற வண்டி இரண்டும் சனிக்கிழமையே எங்களிடம் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். "இன்ஜின் ஆறி இருக்கணும், அப்பத்தான் தெரியும்" என்று ஒரு காரணம் சொன்னார். அவர்களும் நம்பினார்கள். சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு கடித்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் காதில் சும்மா வைத்துவிட்டு, முந்தின நாள் கேட்டதைச் சொல்வார்.

இரண்டு கார்புரேட்டர் வைத்த வண்டிக்கு மட்டும் குச்சி உதவாது. இரண்டும் ஒரே அளவாகக் காற்று இழுக்கிறதா என்று ரப்பர் குழாய் வைத்து அந்தச் சீறலைக் கேட்க வேண்டும். அது என் வேலை ஆனது. குழாயின் ஒரு முனையை என் காதில் செருகிக்கொள்வேன். முதல் கார்புரேட்டர் வாயில் வைத்து, இரண்டாவதில் வைத்து, எது அதிகம் என்று விரல் காட்டுவேன். அவர் ஸ்க்ரூவைத் திருப்புவார். முதலில் ஒரு எழவும் புரியவில்லை. போகப் போகப் பழகியது. ஒரே அளவு வந்தால் கையை விரிப்பேன். எப்போதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருப்புவார். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் அவர் முழங்கையைத் தொடுவேன். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அதற்குள் மூன்று அதல் பதல். மூன்றும் சரியாகத்தான் சொன்னார்.

"இது ஏமாத்தறது இல்லியா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தப்பா சொன்னேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அது உறுத்தியது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காதில் குச்சி வைக்கிறபோது யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

பிறகு பல் பிரச்சினை வந்தது. ஈட்டிமரம் இரும்பு மாதிரி. கடித்துக் கடித்து முன்பல் ஒன்று விளிம்பில் உடைந்தது. வலி தாங்காமல் பல் டாக்டரிடம் போனோம். அந்தக் கூட்டத்து டாக்டர்தான். பச்சை வண்டிக்காரர். நல்ல மனிதர், வாய் கொஞ்சம் நீளம். குள்ளமானவர். அந்தப் பச்சை வண்டி மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனாலும் தோட்டக்காரரின் வெள்ளி நிற வண்டியைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

நாற்காலியில் உட்கார வைத்து வாயைத் திறந்து பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, ஆணி கடிக்கிறியா?"

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தலைக்குப் பின்னால் நின்றார். உதடு தெரியாது.

"கரும்பு, டாக்டரய்யா," என்றேன் நான். "கரும்புன்னா இவருக்குக் கணக்கே இல்ல."

"கரும்பா? இந்தப் பல்லுல கரும்பு தின்ன ஆளைத் தஞ்சாவூர்லகூட பாக்க முடியாது." ஏதோ தடவிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அடுத்த ஞாயிறு என் வண்டியும் தோட்டக்காரர் வண்டியும் அதல் பதல். சனிக்கிழமை விட்டுடறேன். சரியா?"

என் வீட்டுக்காரர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நான் முழங்கையைத் தொட்டேன். "சரி டாக்டர்," என்றார். எதற்குச் சரி என்று தெரியாமலே. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை தோட்டக்காரரின் வெள்ளி வண்டி வந்தது. கதவைச் சாத்திக் கடித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பச்சை வண்டி வரவில்லை. சாயங்காலம் டாக்டரின் கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். யாரோ ஒரு துரைசானிக்குப் பல்வலி, ஐயா வேலையாக இருக்கிறார், நாளைக்கு நேராக வண்டியோடு வந்துவிடுகிறார் என்றார்.

கம்பவுண்டர் போனதும் அவர் எதிரே போய் நின்றேன்.

"தலவலின்னு படுத்துக்கோங்க. அடுத்த வாரம் பாக்கலாம்னு நான் சொல்லிடறேன்."

"எத்தினி ஞாயித்துக்கெழம தலவலி வரும்?" என்றார்.

மறுநாள் பூசையில் நான் என்ன ஜெபித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தப் பச்சை வண்டி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன்.

பத்து மணிக்கு இரண்டு வண்டியும் எதிரெதிரே நின்றன. தோட்டக்காரர் ஆறடி ஆள். கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். டாக்டர் ஹேண்டிலை அடித்து வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுத் தோட்டக்காரரிடம் சொன்னார்: "கேளுங்க, பூனை மாதிரி இல்ல?"

"பூனைக்கு இத்தனை புகை வராது டாக்ட்ரே."

என் வீட்டுக்காரர் குச்சியை இன்ஜினில் வைத்தார். மறு முனையைக் காதில் வைத்தார். நான் எதிர்ப்பக்கம் ஹூட் கொக்கியைப் பார்ப்பது போல நின்றேன். எனக்குக் கேட்டவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சொல்லிவிடுங்கள் என்று.

அவர் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். தோட்டக்காரர் அதற்குள் தன் ஹேண்டிலை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் சொல்லப்போவது என்ன என்பதில் அந்த மனிதருக்குச் சந்தேகமே இல்லை.

என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். குச்சியைத் திருப்பினார். இரண்டு பேர் பார்க்கக் கடித்தார்.

"ஏன்றீ மேஸ்திரி, காலையில தின்னலியா?" என்றார் தோட்டக்காரர்.

அவர் திரும்பவில்லை. பார்வை இன்ஜினுக்குள் இருந்தது. ஒரு கையால் வேகத்தைக் கூட்டினார், விட்டார். கூட்டினார், விட்டார். பிறகு மரப்பிடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு பிளக்காகக் கரன்ட் போகாமல் அணைத்துப் பார்த்தார். முதல் பிளக். இரண்டாவது. மூன்றாவதில் நின்றுவிட்டார். திரும்ப மூன்றாவது.

"கரும்பு," என்றார் டாக்டர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இதுதானேம்மா அந்தக் கரும்பு?"

நான் தரையைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் குச்சியை எடுத்தார். "டாக்டர் வண்டிய மாத்தக் கூடாது," என்றார். "மூணாவது பிக் எண்ட் தட்டுது."

பிக் எண்ட் என்பது இன்ஜினுக்கு அடியில் சுழல்கிற தண்டைப் பிடித்திருக்கிற பேரிங். அது உடைந்தால் இன்ஜினையே பிளந்துவிடும். எந்தப் பிளக்கை அணைத்தால் தட்டல் அடங்குகிறதோ, அந்தப் பக்கத்துப் பேரிங்தான் போனது.

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "தட்டுதா? நேத்து மைசூர் ரோட்ல பறந்தேன்யா இதுல! எனக்குக் கேக்காதது உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுது? பல்லுலயா?"

கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். என் வீட்டுக்காரருக்குப் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்து மெதுவாகச் சொன்னேன். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"காது போச்சு டாக்டர். ரெண்டு வருஷம் ஆச்சு."

பச்சை வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷமா?" என்றார் டாக்டர். "அப்போ நாங்க எல்லாம் ஒரு செவிடன் பேச்சைக் கேட்டுத்தானா ஹேண்டில் மாத்தினோம்?"

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. இந்தத் தடவை டாக்டர் நேராகப் பார்த்துத்தான் பேசினார்.

நான் ஆண்கள் பேச்சில் நுழைந்தது கிடையாது. அன்று நுழைந்தேன்.

"டாக்டரய்யா, இவரு மாத்திக்கலாம்னு சொன்ன வண்டி எதுனா நடுரோட்ல நின்னுதா? ஒண்ணாச்சும்? நின்னுருந்தா சொல்லுங்க. நாங்க கொட்டாய மூடிட்டுப் போயிடறோம்."

தோட்டக்காரர் கையை நீட்டினார்.

"கொடுங்க ரீ அந்தக் கட்டையை."

சட்டையில் துடைத்தார். அந்தப் பெரிய உடம்பை வளைத்துக் குனிந்து கடித்தார். என் வீட்டுக்காரர் வேகத்தைக் கூட்டிவிட்டார். தோட்டக்காரர் கண் அகலமானது.

"அய்யோ தேவா!" குச்சியோடு கத்தினார். "உள்ள யாரோ கதவு தட்றாங்க டாக்ட்ரே! பாருங்க, நீங்களே நோட்றீ!"

"முதல்ல அதை வாய்லேர்ந்து எடுங்க. பல்லு போயிடும்," என்றார் டாக்டர். அவர் தொழில் அப்படி. ஆனால் குச்சியை வாங்கிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து முனையை நன்றாகத் துடைத்தார். கடைவாயில் வைத்து மெதுவாகக் கடித்தார். என் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை முதல் பிளக்கில் வைத்தார். எடுத்தார். இரண்டாவதில் வைத்தார். எடுத்தார். மூன்றாவதில் வைத்தபோது டாக்டரின் புருவம் சுருங்கியது. மறுபடி செய்யச் சொல்லிக் கை காட்டினார். செய்தார்.

டாக்டர் குச்சியை எடுத்தார். "மூணாவதுல சத்தம் அடங்குது," என்றார். கோபம் இல்லை. பிள்ளைக்கு நோய் என்று தெரிந்துகொண்டவர் மாதிரி இருந்தது முகம்.

குச்சியை என்னிடம் கொடுத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொன்னா வண்டி வருமா?" என்றேன்.

ஹேண்டில் மாறவில்லை. தோட்டக்காரர் கிளம்பினார். டாக்டர் அவருக்குப் பின்னால், நடக்கிற வேகத்தில் பச்சை வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று சாப்பிட்டுக் கை கழுவின பிறகு நான்தான் ஆரம்பித்தேன்.

"நான் தலையாட்டினேன்."

"பாத்தேன்."

"அப்ப ஏன் கடிச்சீங்க?"

"அவரு ஹேண்டில நீட்டிட்டு நின்னாரு," என்றார்.

என் மேல் கோபம் இல்லை.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. மில் மருமகன் வேலைக்கு விட்டிருந்த வண்டியை டிரைவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். வேலை பாதியில் இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறும் யாரும் வரவில்லை. நான் மீதி இருந்த கான்வாஸில் காய்கறிப் பை தைத்தேன். அவர் கொட்டகையைப் பெருக்கினார். இதுவரை அதைப் பெருக்கியது எப்போதும் நான்தான். ஓசூர்ப் பக்கம் லாரி ஷெட்டில் வேலை இருக்குமா என்று கேட்டுவிட்டு வரலாம் என்றார். லாரிக்குக் குச்சி தேவையில்லை என்றார். நான் சரி என்றேன். எந்த நாள் போகலாம் என்றும் பேசி வைத்தோம்.

அந்த நாளுக்கு முந்தின நாள் காலையில் ரோட்டில் ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு மாட்டு வண்டி வருகிறது. அதன் பின்னால் கயிறு. கயிற்றின் முனையில் பச்சை வண்டி. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தொப்பி போட்டு, நேராக முன்னால் பார்த்தபடி டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். கூட நாலு பேர் வேடிக்கை பார்த்து நடந்து வருகிறார்கள். மாட்டு வண்டிக்காரர் எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, இதுக்கும் புல்லு போடணுமா?"

"நீ வாயை மூடிட்டு மாட்டை அவுரு," என்றார் டாக்டர்.

அவர் இறங்கி உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர் முதுகைக் காட்டி நின்று பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கூப்பிடவில்லை. சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிரே வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்றார். தொப்பியைக் கழற்றினார். உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அன்னிக்கு வீட்ல போய் நிறுத்தினேன். அப்புறம் ஸ்டார்ட் பண்ணல. ஒரு தடவைகூட. தெறந்து பாரு."

பறந்துகொண்டிருந்த மனிதர். மூன்று மைல் தூரம் மாட்டுக்குப் பின்னால் வந்திருக்கிறார். நான் உள்ளே போய்விட்டேன். காப்பி போடுவதற்கு என்று போனேன். அடுப்பு எரிகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடியில் இருக்கிற எண்ணெய்த் தட்டைக் கழற்றினார்கள். எண்ணெயோடு மீன் செதில் மாதிரி பளபளவென்று துகள் வந்தது. மூன்றாவது பேரிங்கில் பூசியிருந்த உலோகம் வெடித்துப் பெயர்ந்திருந்தது. டாக்டர் ஒரு துகளை விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை மைல் ஓடியிருக்கும்?"

"நந்தி மலை ஏறியிருக்காது," என்றார் என் வீட்டுக்காரர்.

"தோட்டக்காரர் வாரா வாரம் மலை ரோட்ல ஏறி எறங்கற ஆளு," என்றார் டாக்டர். துகளைத் தட்டிலேயே போட்டார்.

புது உலோகம் வார்த்து, நீல மை தடவி, மை ஒட்டுகிற மேட்டைச் சுரண்டிப் பொருத்த மூன்று வாரம் ஆனது. டாக்டர் நாள் தவறாமல் வந்தார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பேச வேண்டியிருந்தால் எழுந்து எதிரே போய் நின்று பேசுவார். வாய் நீளமான மனிதருக்கு அது கஷ்டம்தான். பாதிப் பேச்சை விழுங்கிவிடுவார்.

மாற்றுகிற ஞாயிறன்று வாசலில் ஐந்து வண்டி நின்றது. மாற்ற இரண்டு. பார்க்க மூன்று. மில் மருமகனும் வந்திருந்தார். தோட்டக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஆளாளுக்குக் கடித்துப் பார்க்க வேண்டும் என்று கையை நீட்டினார்கள்.

"சர்க்கஸா இது? தள்ளி நில்லுங்க," என்றார் என் வீட்டுக்காரர். துரைகளையும் சேர்த்துத்தான் சொன்னார்.

வெள்ளி வண்டியைக் கடித்தார். பச்சை வண்டியைக் கடித்தார். நான் அவருக்கு எதிரே நின்றேன், வெளிச்சத்தில். தலையாட்டவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாத்திக்கலாம்," என்றார்.

ஹேண்டில் மாறியது. டாக்டர் பச்சை வண்டியின் பானெட்டை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு வெள்ளி வண்டியில் ஏறினார். கால் எட்டவில்லை.

பல்லுக்காக டாக்டர் ஒரு காரியம் செய்தார். பல் செட்டுக்குப் போடுகிற கெட்டி ரப்பரில் குச்சி முனைக்கு ஒரு உறை செய்து கொண்டுவந்து கொடுத்தார். கடிக்கிறவர் பல்லுக்கே அச்செடுத்துச் செய்தது. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் அதைப் போட்டுப் பார்த்தார். பல்லுக்கு நல்லதுதான், ஆனால் வண்டி தூரமாகப் போய்விடுகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். மறு வருஷம் அந்தப் பல்லை டாக்டரே பிடுங்கினார். திட்டிக்கொண்டேதான் பிடுங்கினார். திட்டும்போது முன்னால் வந்து நின்று திட்டினார்.

என் வீட்டுக்காரர் பக்கத்துப் பல்லுக்கு மாற்றிக்கொண்டார்.